கவுன்சிலின் பிளானிங் முடிவை எதிர்ப்பது எப்படி? இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்ட நாங்கள் போட்ட விண்ணப்பத்தைக் கவுன்சில் நிராகரித்தபோது, அடுத்து எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்று தெளிவாகச் சொல்ல எங்கள் வட்டத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போங்கள் என்றார் ஒருவர். இரண்டாவது விண்ணப்பம் இலவசம், திரும்பப் போடுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டுமே தவறான யோசனை என்று தெரிவதற்குள் கெடுவில் பாதி கரைந்துவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகளும் கெடுக்களும் வேறு. கட்டணங்கள் ஏறிக்கொண்டே இருக்கும், எனவே பணம் கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. உங்கள் கையில் இருப்பது எந்தக் காகிதம்?

கவுன்சிலிலிருந்து வரும் கடிதங்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கடிதம் என்பதைப் பொறுத்துப் போகவேண்டிய இடமே மாறிவிடும்.

உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தாலோ, அனுமதியோடு ஏற்க முடியாத நிபந்தனை போட்டிருந்தாலோ, அப்பீல்களை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு அப்பீல் போகலாம். எக்ஸ்டென்ஷன், லாஃப்ட், தோட்டத்து அறை போன்ற வீட்டுக்காரர் விண்ணப்பம் என்றால் 12 வாரம் கெடு. புது வீடு கட்டுவது, வீட்டை ஃபிளாட்டுகளாகப் பிரிப்பது போன்ற முழு விண்ணப்பம் என்றால் 6 மாதம்.

கவுன்சில் பதிலே சொல்லவில்லையா? சாதாரண விண்ணப்பத்துக்கு 8 வாரத்திலும் பெரிய திட்டத்துக்கு 13 வாரத்திலும் முடிவு சொல்லவேண்டும். அது கடந்தால், முடிவு வரவில்லை என்பதையே காரணமாக வைத்து அப்பீல் போகலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் கவுன்சில் ஆபீசர் மின்னஞ்சலில் "கொஞ்சம் கூடுதல் நேரம் தருகிறீர்களா?" என்று கேட்பார். நீங்கள் சரி என்று எழுதிவிட்டால் அந்த 8 வாரம் புதுத் தேதிக்குத் தள்ளிப்போகும். கொடுப்பதில் தவறில்லை, பல நேரம் அது உங்களுக்கே நல்லது. ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் கட்டியதாகச் சொல்லி என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்திருந்தால், கீழே 5ஆம் பகுதிக்கு நேராகப் போங்கள். அதில் காத்திருக்க நேரமே கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கவுன்சில் அனுமதி கொடுத்தது உங்களுக்குப் பிரச்சினை என்றால், உங்களுக்கு அப்பீல் உரிமை இல்லை. பலருக்கு இதை நம்பவே முடிவதில்லை. அப்பீல் என்பது விண்ணப்பம் போட்டவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு இருக்கும் ஒரே சட்ட வழி உயர் நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று நீதிபதியைப் பார்க்கச் சொல்வது. அதற்குக் கெடு வெறும் 6 வாரம்.

இன்னொன்று: பில்டிங் ரெகுலேஷன்ஸ் ஒப்புதல் வேறு, பிளானிங் அனுமதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது. பொதுச்சுவர் சம்பந்தமான 1996 பார்ட்டி வால் சட்டமும் தனி. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தப்பான இடத்தில் முறையிட்டு நேரம் போக்குபவர்கள் நிறைய.

2. தேதியை வட்டமிடுங்கள்

நிராகரிப்புக் கெடு டிசிஷன் நோட்டீஸில், அதாவது கவுன்சிலின் முடிவுக் கடிதத்தில், அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து ஓடுகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வரைபடம் போட்டுக்கொடுத்தவரை ஏஜென்டாகக் காட்டியிருந்தால் கடிதம் அவருக்குத்தான் போகும். அவர் ஊரில் இல்லை, மின்னஞ்சல் பார்க்கவில்லை என்பதற்காகக் கெடு நிற்காது. விண்ணப்பம் போட்ட பிறகு வாரம் ஒருமுறை கவுன்சில் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

3. ஆபீசர் ரிப்போர்ட்டை எடுத்துப் படியுங்கள்

டிசிஷன் நோட்டீஸில் நிராகரிப்புக் காரணம் ஓரிரண்டு வாக்கியமாகத்தான் இருக்கும். உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது ஆபீசர் எழுதிய ரிப்போர்ட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கவுன்சிலர்கள் அடங்கிய பிளானிங் கமிட்டிக்கே போவதில்லை, ஆபீசர் மட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதனால் இந்த ரிப்போர்ட்தான் உங்கள் வழக்கின் மையம். கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்ப ஆவணங்களோடு இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

படிக்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கொள்கை எண்ணை மேற்கோள் காட்டுகிறார்கள்? அந்தக் கொள்கையின் முழு வாசகம் அவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா? ரிப்போர்ட்டில் அளவுகள் சரியாக இருக்கின்றனவா? பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் குறையும் என்று சொல்லியிருந்தால், அந்த ஜன்னல் குளியலறை ஜன்னலா, மக்கள் புழங்கும் அறை ஜன்னலா என்று பாருங்கள். பல கவுன்சில்கள் 45 டிகிரி விதியை வைத்துத்தான் இதை அளக்கின்றன: பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து 45 டிகிரியில் கோடு இழுத்து, உங்கள் கட்டடம் அதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கோட்டை உங்கள் வரைபடத்தில் போட்டுப் பார்த்தாலே வாதம் நிற்குமா, நிற்காதா என்று ஓரளவு புரிந்துவிடும்.

4. நிராகரிப்பு வந்தால்: மாற்றிப் போடுவதா, அப்பீலா?

ரிப்போர்ட்டில் "இன்னும் சற்றுச் சிறியதாக இருந்தால்" என்ற தொனி தெரிந்தால் மாற்றிப் போடுவதுதான் வேகமான வழி. அப்பீலில் இன்ஸ்பெக்டர் உங்கள் வடிவத்தை மாற்றித் தரமாட்டார். நீங்கள் கேட்டதற்கு ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது விண்ணப்பம் இலவசம் என்று இன்னும் பலர் சொல்வதை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 6இலிருந்து அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. 2025 ஏப்ரல் 1 அன்று ஒரு வீட்டின் எக்ஸ்டென்ஷன் விண்ணப்பக் கட்டணம் 528 பவுண்ட் ஆனது. ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசியைப் பொறுத்து இது ஏறும். மாற்றிப் போட்டாலும் முழுத் தொகையும் மறுபடி கட்டவேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தரைத்தளம் மட்டுமுள்ள பின்பக்க எக்ஸ்டென்ஷன், ஒட்டியிருக்கும் வீட்டுக்கு 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் ஆழம் வரை பொதுவாகப் பிளானிங் அனுமதியே இல்லாமல் கட்டலாம். உயரத்துக்கும் எல்லையிலிருந்து தூரத்துக்கும் தனி வரம்புகள் உண்டு. ஃபிளாட்டுக்கு இந்த உரிமை கிடையாது. சில பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இது குறைக்கப்பட்டிருக்கும். அப்படிக் கட்டப்போகிறீர்கள் என்றால் "சட்டப்படி சரி" என்ற லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கட்டணம் சாதாரண விண்ணப்பத்தில் பாதி. நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பதே இதைத்தான்.

சரி, அப்பீல்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அப்பீலுக்குக் கட்டணம் இல்லை. எல்லாம் இணையத்தில்தான். தயாராக வைத்திருக்க வேண்டியவை: போட்ட விண்ணப்பப் படிவத்தின் நகல், டிசிஷன் நோட்டீஸ், கவுன்சில் எந்த வரைபடங்களை வைத்து முடிவு செய்ததோ அதே வரைபடங்கள், உங்கள் வாத அறிக்கை. நடுவில் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்திருந்தால், எந்தப் பதிப்பை வைத்து முடிவு எடுத்தார்கள் என்பதை நோட்டீஸில் சரிபார்த்து அதையே சேருங்கள்.

வாத அறிக்கையில் எல்லாவற்றையும் முதல் தடவையே எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் அப்பீலில் பிறகு சேர்க்க வாய்ப்புத் தரமாட்டார்கள். கவுன்சில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். அதே தெருவில் அதே அளவில் அனுமதி பெற்ற வீடுகள் இருந்தால் அவற்றின் விண்ணப்ப எண்களைக் கொடுங்கள், புகைப்படமும் வையுங்கள். "எதிர் வீட்டிலும் கட்டியிருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அது எந்த ஆண்டில் எந்தக் கொள்கையின் கீழ் வந்தது என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார்.

நம்மவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பது: வயதான பெற்றோர் வந்திருக்கிறார்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை. அத்தனையும் உண்மைதான், சொல்லவும் வேண்டும்தான். மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் கடிதத்தோடு சொல்லுங்கள். ஆனால் கட்டடம் உங்கள் குடும்பச் சூழ்நிலையைத் தாண்டியும் அங்கேயே நிற்கும் என்பதால் இதற்குப் பொதுவாகக் குறைந்த எடைதான் கிடைக்கும். அறிக்கையில் பெரும்பங்கு அளவு, வெளிச்சம், தோற்றம், கொள்கை என்றே இருக்கட்டும்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பில்டருக்கு முன்பணம் கொடுத்துத் தேதி குறிக்காதீர்கள். அப்பீல்களில் பெரும்பகுதி தள்ளுபடியாகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பீல் ஓடும்போதே மாற்றிய வரைபடத்தோடு புது விண்ணப்பம் போடத் தடை இல்லை. விண்ணப்பக் கட்டணம் இன்னொரு தடவை செலவாகும், ஆனால் மாதங்கள் மிச்சமாகும். என்னைக் கேட்டால், பணம் கொஞ்சம் இடம் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து நடத்துங்கள்.

வக்கீல், கன்சல்டன்ட் செலவை அவரவரே ஏற்கவேண்டும். ஒரு தரப்பு நியாயமற்ற முறையில் நடந்து மற்றவருக்கு வீண் செலவு வைத்திருந்தால் மட்டும் செலவுத்தொகை கேட்கலாம்.

அப்பீலும் தோற்றால், 1990ஆம் ஆண்டின் டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டம் 288ஆம் பிரிவின் கீழ் 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இன்ஸ்பெக்டர் சட்டத் தவறு செய்திருந்தால் மட்டுமே அது பயன்படும். அப்பீலைத் தாண்டிக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போனால், முதலில் அந்த வழியைப் பயன்படுத்திவிட்டு வா என்றுதான் அனுப்புவார்கள்.

5. என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்தால்

நோட்டீஸில் இரண்டு தேதி இருக்கும்: அது அமலுக்கு வரும் தேதி, அதன் பிறகு இடித்து அல்லது சரிசெய்து முடிக்கவேண்டிய காலம். முதல் தேதிதான் உங்கள் உயிர்நாடி. நோட்டீஸ் கொடுத்ததற்கும் அதற்கும் இடையே குறைந்தது 28 நாள் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே அப்பீல் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஏற்கமாட்டார்கள். உடல்நலக்குறைவு, பயணம் எதுவும் எடுபடாது. சரியான நேரத்தில் அப்பீல் போட்டால், அது முடியும் வரை நோட்டீஸ் அமலுக்கு வராது.

அப்பீல் காரணங்கள் ஏழு. அவற்றில் முதலாவது, "இதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும்" என்பது. இதைச் சேர்த்தால் விண்ணப்பக் கட்டணத்தின் இருமடங்கைக் கவுன்சிலுக்குக் கட்டவேண்டும். மற்றக் காரணங்களில் நம்மவர்களுக்கு அதிகம் உதவுவது, கட்டிப் பல ஆண்டு ஆகிவிட்டதால் இனி நடவடிக்கை எடுக்க முடியாது என்பது. 2024 ஏப்ரல் 25 முதல் அந்த வரம்பு எல்லாவற்றுக்கும் 10 ஆண்டு. அதற்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடித்திருந்தால் பழைய 4 ஆண்டு வரம்பு பொருந்தும். பில்டர் ரசீதுகள், பில்டிங் கன்ட்ரோல் சான்று, தேதியுள்ள படங்கள், மின்கட்டண பில்கள் என எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அதே தேதியில் வந்த இன்னொரு மாற்றமும் உண்டு. கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டவர்கள், பெரும்பாலான நேரம் நோட்டீஸுக்கு எதிராக அந்த முதல் காரணத்தை மறுபடி எழுப்ப முடியாது. ஒரு வாய்ப்புத்தான். எனவே "முதலில் கட்டுவோம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்று பில்டர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நோட்டீஸை மீறுவது குற்றம், அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை. அது பில்டர் தலையில் விழாது, வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

6. பக்கத்து வீட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டால்

உண்மையான வாய்ப்பு அனுமதி கொடுப்பதற்கு முன்புதான். கவுன்சில் கடிதம் வந்ததும், அல்லது தெருக்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியதும், ஆட்சேபம் சொல்லப் பொதுவாக 21 நாள் தருவார்கள். அந்த நாட்களில் எழுதுங்கள். வெளிச்சம், தனிமை, சத்தம், வாகன நெரிசல் போன்றவை எடுபடும். வீட்டின் விலை குறையும், என் ஜன்னல் காட்சி மறையும், அவரோடு எனக்கு எல்லைத் தகராறு என்பவை எடுபடாது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசி, விண்ணப்பத்தைக் கமிட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்கலாம்.

அனுமதி கொடுத்தாயிற்று என்றால் மிச்சம் இருப்பது ஜுடிஷியல் ரிவ்யூ. இதைப் பற்றி நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிபதி பார்க்கமாட்டார். முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று மட்டும்தான் பார்ப்பார். "அந்தச் சுவர் என் சமையலறையை இருட்டாக்கும்" என்பது கோர்ட்டில் வாதமே ஆகாது. "இருட்டாக்கும் என்று நான் எழுதிய ஆட்சேபத்தை ஆபீசர் கணக்கில் எடுக்கவே இல்லை" என்பது வாதமாகலாம்.

கொள்கையைத் தவறாகப் பொருள்கொண்டது, பார்க்கவேண்டிய முக்கியமான விஷயத்தைப் பார்க்காமல் விட்டது, சட்டப்படி கொடுக்கவேண்டிய அறிவிப்பைக் கொடுக்காதது, முடிவெடுத்தவருக்குச் சொந்த ஆதாயம் இருந்தது போன்றவை காரணங்கள். கொள்கையின் பொருள் என்ன என்பது நீதிமன்றம் தீர்மானிக்கும் சட்டக் கேள்வி என்று 2012இல் டெஸ்கோ எதிர் டண்டீ கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கொள்கைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது கவுன்சிலின் விருப்பம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன.

இன்னும் கசப்பான பகுதி: தவறு நடந்திருந்தாலும், அது நடக்காமல் இருந்தாலும் முடிவு பெரும்பாலும் இதேதான் என்று தெரிந்தால் நீதிமன்றம் நிவாரணம் மறுக்கவேண்டும். நீங்கள் ஜெயித்தாலும் அனுமதி ரத்தாகி விண்ணப்பம் மறுபடி கவுன்சிலுக்கே போகும். அவர்கள் இந்தத் தடவை ஒழுங்காக நடைமுறையைப் பின்பற்றி அதே அனுமதியைத் திரும்பக் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு அந்த இரண்டாவது அனுமதியைப் பார்க்கும் மனநிலை உங்களுக்கு இருக்கிறதா என்று முதலிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

7. அந்த 6 வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது

டிசிஷன் நோட்டீஸ் தேதியிலிருந்து கணக்கு ஓடும். கமிட்டி வாக்களித்த நாளிலிருந்து அல்ல. இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்கூடக் கெடுவை நீட்ட முடியாது.

முதல் வாரம் ஆவணங்களுக்கு: நோட்டீஸ், ஆபீசர் ரிப்போர்ட், ஆட்சேபங்கள், கமிட்டி நடவடிக்கைக் குறிப்பு. இரண்டாவது வாரத்துக்குள் பிளானிங் சட்டம் தெரிந்த பாரிஸ்டர் ஒருவரின் கருத்தை வாங்கிவிடுங்கள். வழக்கில் தெம்பு இருக்கிறது என்றால் கவுன்சிலுக்கு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பவேண்டும், நகல் பக்கத்து வீட்டுக்காரருக்கும். வழக்கமாகப் பதிலுக்கு 14 நாள் கொடுப்பார்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள்: பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் 6 வாரம் நிற்பதில்லை. பதில் வராவிட்டாலும் கெடுவுக்குள் வழக்கைப் பதிவு செய்யுங்கள். கவுன்சிலிடம் புகார் கொடுப்பதும், அதன் மேலாளர் "பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் கெடுவை நிறுத்தாது.

பதிவானதும் 7 நாளுக்குள் கவுன்சிலுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நகல் சேர்ப்பிக்கவேண்டும். நீதிபதி முதலில் காகிதத்தில் பார்த்து, வழக்கை நடத்த அனுமதி கொடுப்பதா என்று முடிவு செய்வார். மறுத்தால் 7 நாளுக்குள் நேரடி விசாரணை கேட்கலாம். அடிப்படையே இல்லாத வழக்கு என்று முத்திரை குத்திவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

வழக்குப் போட்டதால் பக்கத்தில் கட்டுமானம் நின்றுவிடாது. நிறுத்தத் தனியாக இடைக்காலத் தடை கேட்கவேண்டும். அதற்கு, நீங்கள் தோற்றால் அவருக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தருவதாக உறுதி கொடுக்கச் சொல்லலாம்.

8. கோர்ட் செலவு

கோர்ட் கட்டணம் பெரிதல்ல: தொடங்க சுமார் 170 பவுண்ட், நடத்த அனுமதி கிடைத்தால் மேலும் சுமார் 850. வருமானம் குறைவென்றால் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய செலவு வக்கீல்களுக்கு. தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் ஏற்பதுதான் பொது விதி.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சுற்றுச்சூழல் தொடர்பான வழக்குகளுக்கு ஆர்ஹஸ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் செலவு வரம்பு இருக்கிறது, பிளானிங் வழக்குகள் பல இதில் அடங்கும். தோற்றால் தனிநபர் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவேண்டியது பொதுவாக 5,000 பவுண்டுக்கு மேல் போகாது. சங்கம், நிறுவனம் என்றால் 10,000. பதிலுக்கு நீங்கள் ஜெயித்தால் கவுன்சிலிடமிருந்து கிடைப்பதும் 35,000க்கு மேல் போகாது. இது தானாக வராது: வழக்குப் படிவத்திலேயே கேட்டு, உங்கள் வருமானம், சொத்து, யாராவது பண உதவி செய்கிறார்களா என்ற விவரத்தையும் இணைக்கவேண்டும். இந்த வரம்பு உங்கள் சொந்த வக்கீலின் பில்லைக் குறைக்காது.

9. யாரிடம் கேட்பது?

அப்பீலுக்கு வக்கீல் கட்டாயமில்லை. நல்ல பிளானிங் கன்சல்டன்ட் போதும், ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிடியூட் உறுப்பினரா என்று பாருங்கள். அந்த அமைப்பு நடத்தும் பிளானிங் எய்ட் இங்கிலாந்து இலவச ஆலோசனை தருகிறது. கோர்ட் என்றால், சொலிசிட்டர் இல்லாமலே நேரடியாக அணுகக்கூடிய பாரிஸ்டர்கள் இருக்கிறார்கள். முழு வழக்குக்கும் அமர்த்தும் முன், எழுத்தில் கருத்து மட்டும் சொல்ல ஒரு நிலையான தொகை கேளுங்கள். வீடு வாங்கும்போது உதவிய வக்கீலிடம் இதைக் கொடுக்காதீர்கள், அது வேறு துறை.

கவுன்சில் உங்களை நடத்திய விதம் மட்டும்தான் மனக்குறை என்றால், முதலில் கவுன்சிலின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். இலவசம், விஷயம் தெரிந்ததிலிருந்து பொதுவாக 12 மாதத்துக்குள் போகவேண்டும். மன்னிப்போ சிறு இழப்பீடோ கிடைக்கலாம். கொடுத்த அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அவர்களிடம் போயிருக்கிறோம் என்று 6 வாரக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.